டிடி ரேசரில் முதல் வளைவைத் தாண்டுவது எப்படி?

கேள்வி: லண்டனிலிருந்து வந்த மாமா, தம்முடைய பழைய இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே வீட்டுக் கணினியையும் ‘டிடி ரேசர்’ என்ற மோட்டார் சைக்கிள் பந்தய விளையாட்டின் கசெட்டையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். சில நாள், திருட்டுப் பிரதியைத் தடுக்க விளையாட்டுக்கு முன் வரும் லென்ஸ் சோதனையிலேயே மூன்று முறை தோற்றுவிடுகிறேன். அதில் தப்பினால், முதல் வளைவிலேயே வண்டி பாதையை விட்டு ஓடிவிடுகிறது. ஜாய்ஸ்டிக் வாங்கினால் சரிவருமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: ஜாய்ஸ்டிக்குக்குக் காசைக் கொட்டாதீர்கள். அந்தக் காலத்து ஜாய்ஸ்டிக்கினுள் இருப்பவையும் வெறும் சுவிட்சுகளே. விசைப்பலகையைப் போலவே அதற்கும் ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டும்தான் தெரியும். ‘கொஞ்சம்’ என்பது தெரியாது. அந்தக் ‘கொஞ்சத்தை’ உங்கள் விரல்தான் உண்டாக்க வேண்டும். விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்காமல் தட்டித் தட்டி விடுங்கள்.

1986இல் இதை வெளியிட்ட டிஜிட்டல் இன்டகிரேஷன், ‘ஃபைட்டர் பைலட்’, ‘டோமஹாக்’ என்று விமானமும் ஹெலிகொப்டரும் ஓட்டப் பழக்கிய நிறுவனம். மோட்டார் சைக்கிளையும் அதே கண்டிப்போடுதான் செய்திருக்கிறார்கள். காசு போட்டு விளையாடும் இயந்திரங்களில் ஓட்டியதுபோல் முழு வேகத்தில் திருப்பினால் மன்னிக்க மாட்டார்கள்.

காரணம் எளிய இயற்பியல். 50 மீற்றர் ஆரமுள்ள வளைவை 36 கிலோமீற்றர் வேகத்தில் எடுக்க, வண்டி ஏறத்தாழ 12 பாகை சாய்ந்தால் போதும். வேகம் 72 ஆனால் 39 பாகை. 90 ஆனால் 52 பாகை! வேகம் இரண்டு மடங்கானால் வெளியே இழுக்கும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே பிரேக்கும் கியர்க் குறைப்பும் வளைவுக்கு முன்பே, வண்டி சாயாமல் நேராக ஓடும்போதே முடிந்துவிட வேண்டும். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள் திரும்பும் எந்த மோட்டார் சைக்கிள்காரரையும் கவனியுங்கள்; திரும்பிய பிறகு யாரும் பிரேக்கைத் தேடுவதில்லை. வளைவின் நடுவைக் கடந்த பின்புதான் திரும்ப வேகம் கூட்டுகிறார். ஒரு வாரத்துக்கு வெற்றியை மறந்து, கேலிக்குரிய அளவு மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். பாதை மனப்பாடமாகிவிடும்.

இன்னொன்று: ஸ்பெக்ட்ரத்தின் 3.5 மெகாஹெர்ட்ஸ் இசட்80 செயலி முப்பரிமாணப் பாதையை வரைந்து முடிக்கச் சற்று நேரம் எடுக்கும். திரையில் நீங்கள் காண்பது ஏற்கெனவே பழைய சேதி. இத்தோடு புதிய தட்டைத் தொலைக்காட்சி, படத்தைச் சீராக்குகிறேன் என்று தன் பங்குக்கும் தாமதப்படுத்தும். அதன் பட அமைப்புகளில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், யார் வீட்டுக் களஞ்சிய அறையிலாவது தூசு பிடித்துக் கிடக்கும் 14 அங்குலக் குழாய்த் தொலைக்காட்சி ஒன்றை வாங்கிவாருங்கள். யூஎச்எஃப் 36ஆம் அலைவரிசையைச் சுற்றித் தேடினால் படம் வரும். தாமதம் ஒழியும். லென்ஸ் தொல்லையும் பெரும்பாலும் அதோடு போய்விடும்: லென்ஸ்லாக் என்ற அந்த மடிப்புப் பிளாஸ்டிக், கலைத்துப் போட்ட எழுத்துக் கீற்றுகளைச் சேர்த்துக் காட்டுவது. கீற்றுகளின் அகலம் லென்ஸுக்குப் பொருந்தினால்தான் எழுத்துத் தெரியும். பெரிய திரையில் அவை அகன்றுபோகின்றன. முதலில் வரும் ‘ஓகே’ தெளிவாகத் தெரியும்வரை அகலத்தைக் குறைத்துச் சரிசெய்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள். அவசரப்பட்டு ஊகித்தால் மூன்று வாய்ப்பும் தீர்ந்துவிடும். பெரிய திரையை விட மனமில்லை என்றால் அதன் பட விகிதத்தை 4:3 ஆக மாற்றிப் பாருங்கள்.

மாமா தந்த மின்மாற்றி பழுதானால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கண்ணில் படும் 9 வோல்ட் அடாப்டரை வாங்கிச் சொருகிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரத்துக்கு முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாக இருக்க வேண்டும், 1.4 அம்பியராவது தாங்க வேண்டும். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறானவை.