கியூபெக் வண்டி இடித்தால் காசு யாரிடம் கேட்பது?

ஸ்காபரோ வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மொன்றியலில் கலியாண வீடு முடிந்து திரும்பும்போது, கிங்ஸ்ரனுக்குக் கிட்ட 401ஆம் நெடுஞ்சாலையில் இவர் வேகத்தைக் குறைக்க, கியூபெக் பிக்கப் ஒன்று பின்னால் வந்து இடித்துவிட்டது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டு, பிரெஞ்சில் இருந்த காப்புறுதித் தாளைக் காட்டினார். மூன்றாம் நாளான இன்று இவருக்குக் கழுத்து நோகிறது. 'உன் கம்பனிக்குச் சொல்லாதே, பிரீமியம் ஏறும். கியூபெக் கம்பனியிடமே காசைக் கேள்' என்கிறார் மைத்துனர். என்ன செய்வது என்பது கேள்வி.

மைத்துனர் சொல்வதை விடுங்கள். இன்றைக்கே உங்கள் சொந்தக் கம்பனிக்குப் போன் எடுங்கள். 7 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும், அதில் மூன்று போய்விட்டது. உங்கள் பக்கம் தவறில்லாத விபத்துக்காகப் பிரீமியத்தை உயர்த்த ஒன்ராறியோவில் இடமில்லை. பின்னால் வந்து இடித்தவர் மீதே முழுத் தவறும் என்பது ஒன்ராறியோவின் விதி. மழை, பனி, வழுக்கல் என்ற சாக்கு எதுவும் அதில் எடுபடாது. அவர் மன்னிப்புக் கேட்டாரா இல்லையா என்பதும் இங்கே பெரிய விஷயமில்லை.

வண்டிச் சேதத்துக்கு வருவோம். ஒன்ராறியோவுக்குள் நடந்த விபத்தில், தவறு மற்றவருடையதாக இருந்தாலும் உங்கள் வண்டியைத் திருத்தக் காசு தருவது உங்கள் கம்பனிதான். டிசிபிடி என்பார்கள். பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து ஒரு சதமும் போகாது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மற்ற வண்டியின் காப்புறுதிக் கம்பனி ஒன்ராறியோவில் உரிமம் பெற்றதாக இருக்கவேண்டும், அல்லது இந்த முறைக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்திருக்கவேண்டும். கியூபெக்கில் வண்டிச் சேதத்துக்குக் காப்புறுதி விற்பது தனியார் கம்பனிகள்தான், அவற்றில் பல இங்கேயும் இயங்குபவை. ஆகவே இலக்கத்தகட்டைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அந்தப் பிரெஞ்சுத் தாளில் உள்ள கம்பனிப் பெயரையும் பொலிசி இலக்கத்தையும் அட்ஜஸ்டரிடம் (உங்கள் கம்பனியில் இந்தக் கோரிக்கையைக் கவனிப்பவர்) கொடுங்கள், மிச்சத்தை அவர் பார்ப்பார்.

அந்தக் கம்பனி இதற்குள் வராவிட்டால், உங்கள் பொலிசியில் 'கொலிஷன்' (மோதலில் உங்கள் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்புறுதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிடக்டிபிளை, அதாவது செலவில் உங்கள் பங்கை, முதலில் நீங்கள் கட்டவேண்டும். உங்கள் கம்பனி மற்றக் கம்பனியிடம் காசை அறவிடும்போது அதையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் மைத்துனர் சொன்ன வழி: இடித்தவரின் கம்பனியிடம் நேரே கேட்பது, மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம். 2024 ஜனவரி முதல் பிரீமியத்தைக் குறைப்பதற்காக டிசிபிடியையே வேண்டாமென்று விடலாம். அப்படி எங்காவது கையெழுத்து வைத்தீர்களா என்று உங்கள் புரோக்கரிடம் கேளுங்கள்.

கழுத்து நோவைச் சும்மா விடாதீர்கள். நாளைக்கே டொக்டரிடம் காட்டி எழுத்தில் பதிவு செய்யுங்கள். காயம் இருந்தால் பொலிஸுக்கு அறிவிப்பது கட்டாயம். அன்று அழைக்கவில்லையென்றால் இப்போதாவது அறிவியுங்கள். சிகிச்சைச் செலவும் உங்கள் பொலிசியிலிருந்தே வரும். விண்ணப்பப் படிவம் கைக்கு வந்து 30 நாட்களுக்குள் நிரப்பிக் கொடுக்கவேண்டும். இப்படியான கழுத்துப் பிடிப்புக்கு வழக்கமான உச்சவரம்பு 3,500 டொலர், அது பிசியோவுக்கே சீக்கிரம் கரைந்துவிடும். 'கியூபெக் அரசின் வாகனக் காப்புறுதி அமைப்பான எஸ்.ஏ.ஏ.க்யூ தராதா?' என்று சிலர் கேட்பார்கள். அது கியூபெக்வாசியான அந்த ஓட்டுநரின் காயத்துக்கு, உங்களுக்கு அல்ல. காயம் பாரதூரமானால் அவர்மீது இங்கேயே வழக்குப் போடலாம், பொதுவாக 2 வருடத்துக்குள். கியூபெக்கில் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்புறுதி (மற்றவருக்கு விளைவித்த நட்டத்துக்கானது) 50,000 டொலர்தான் என்றாலும், ஒன்ராறியோவுக்குள் வந்தால் அது இங்குள்ள 200,000 ஆகக் கணக்கிடப்படும்.

இதே இடி எல்லைக்கு அப்பால், 401 முடிந்து 20ஆம் நெடுஞ்சாலை ஆன இடத்தில் நடந்திருந்தால் கதை வேறு. கியூபெக்கில் காயத்துக்காக ஓட்டுநர்மீது வழக்கே போட முடியாது.

இன்னொன்று. பின்பக்க டாஷ்காம் பதிவு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அழிக்காமல் வையுங்கள், ஆனால் அதில் இலக்கத்தைத் தேடாதீர்கள்: கியூபெக் வண்டிகளுக்கு முன்னால் தகடே கிடையாது. அன்று இறங்கிப்போய் அவருடைய வண்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்தீர்களா?