கன்னியாகுமரி மாவட்டத்துச் சிற்றூர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க மக்களிடம் பணம் திரட்ட முடியுமா? எப்படித் தொடங்குவது?

முடியும். நானும் இரண்டு நண்பர்களும் அப்படித்தான் ஒரு படம் எடுத்தோம். குலசேகரம், திங்கள்சந்தை, தோவாளை என்று மூன்று ஊர்கள், 52 நிமிடம், தேவைப்பட்ட பணம் 3,40,000 ரூபாய். முதல் முயற்சியில் தோற்றோம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிதி திரட்டும் இணையதளம் ஒன்றில் பக்கம் திறந்தோம். குறித்த நாளுக்குள் இலக்கு முழுவதும் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், இல்லாவிட்டால் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். 45 நாளில் சேர்ந்தது 61,000. கொடுத்தவர்கள் எல்லாம் எங்களோடு படித்தவர்களும் சொந்தக்காரர்களும்தான். படத்தில் வரப்போகிற ஊர்க்காரர் ஒருவர் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. பணம் திரும்பிப் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

அன்றைக்கு ராத்திரி அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொடைக்கு வரி பிரிக்கும்போ என்னடே செய்யுதாவ?"

அம்மன் கோயில் கொடை விழாவோ தேவாலயத் திருவிழாவோ, வரி என்று ஊர்ப்பணம் பிரிக்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்று ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்கு வரும். கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் வரும். எல்லாம் முடிந்ததும் வரவு செலவை எழுதி ஊருக்கு நடுவில் ஒட்டிவிடுவார்கள். நாங்கள் அதையே பிடித்துக்கொண்டோம். சினிமாவுக்கும் இது புதிதல்ல. 1976-இல் வந்த 'மந்தன்' என்ற இந்திப் படத்துக்கு குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பக்கத்தில் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவின் நண்பர்களும் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, மக்களிடம் பிரித்த பணத்தில்தான் 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள்.

கையில் இருந்த காசில் நான்கு நாள் படம் பிடித்து 8 நிமிடத்துக்கு வெட்டிக்கொண்டோம். கடை கடையாக ஏறி, மேசையில் லேப்டாப்பை வைத்துக் காட்டினோம். நேரம் பார்த்துப் போக வேண்டும். தோவாளையில் விடியும் முன்பே பூ வியாபாரம் சூடு பிடித்துவிடும், பத்து மணிக்கு மேல்தான் ஒருவர் நின்று பேசுவார். குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர்கள் பாலெடுத்து முடித்து வர உச்சியாகிவிடும்.

திங்கள்சந்தையில் கருப்பட்டி விற்கும் ஒரு அக்கா 8 நிமிடத்தையும் கண் எடுக்காமல் பார்த்தார். முந்தி முடிச்சை அவிழ்த்து நான்காக மடித்த நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். நான் ரசீதில் பெயர் எழுதப் போனேன். "எனக்க பேரு வேண்டாம் மக்கா. எங்கம்மைக்க பேரைப் போடு. இந்த எடத்துல முப்பத்தஞ்சு வருசம் இருந்து வித்தது அவளாக்கும்." பிறகு சாக்கை விலக்கி, அம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்த சுவரைக் காட்டினார். முதுகு பட்ட இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. அந்தச் சந்தையில் அதற்கு முன் எத்தனையோ முறை கேமராவோடு நடந்திருக்கிறோம், அந்தச் சுவரைக் கண்டதே இல்லை. இப்போது படம் தொடங்குவதே அங்கேதான்.

ஊர்க்காரரிடம் முதலில் கேளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெளியூர்க்காரர் 5,000 கொடுத்துவிட்டுப் படம் எப்போது வரும் என்று கேட்பார். ஊர்க்காரர் 100 கொடுத்துவிட்டு, எங்கே எடுக்க மறந்தீர்கள் என்று கேட்பார்.

ஊரில் பிரித்தது வாட்ஸ்அப்பில் பரவி வளைகுடாவில் இருக்கும் நம்ம ஆட்கள்வரை போனது. பெரிய தொகைகள் வந்தது அங்கிருந்துதான். இங்கே கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம்ம ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது வெளிநாட்டு நன்கொடைதான். அப்படி ஆசையாகத் தர வந்த ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டு மறுக்க வேண்டியதாயிற்று. லாபத்தில் பங்கு தருகிறோம் என்று சொல்லி யாரிடமும் வாங்காதீர்கள், விவகாரம் முதலீட்டுச் சட்டங்களுக்குள் போய்விடும். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் நன்கொடையாக உங்கள் சொந்தக் கணக்கில் விழுந்தால் முழுத் தொகையும் வருமானமாகக் கணக்கில் வரும். பணம் வாங்கும் முன்பே ஆடிட்டர் ஒருவரைப் பாருங்கள்.

செலவில் நாங்கள் தப்புக்கணக்குப் போட்டது மழையில். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழை பிடித்தால் ரப்பர் வெட்டு நின்றுவிடும், படப்பிடிப்பும் நின்றுவிடும், வாடகைக் கேமராவுக்கு மட்டும் தினமும் காசு ஓடும். பத்து நாள் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஒலிக்கும் தாராளமாக ஒதுக்குங்கள், நம்ம பேச்சைத் தெளிவாகக் கேட்கவைப்பதே பாதிப் படம். பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவை, ஆவணப்படத்துக்கும்தான். அந்தச் செலவையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

மொத்தம் 412 ரசீது. படம் முடிந்ததும் மூன்று ஊரிலும் கணக்கு நோட்டீஸ் ஒட்டினோம், மிச்சம் 1,840 ரூபாய் என்பதுவரை. குலசேகரத்தில் ஒரு டீக்கடைக்காரர் அதை வரி வரியாகப் படித்துவிட்டு, பெட்ரோல் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டார். நாள்வாரியாக எழுதிவைத்த நோட்டை எடுத்துக் காட்டினேன். திருப்திப்பட்டார். அந்த நோட்டீஸின் மாதிரியும் ரசீதின் மாதிரியும் என்னிடம் இருக்கின்றன, வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.