கணினி கேள்வி-பதில்

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2016-ல் இரண்டு நோடு (சர்வர் கணினி) கிளஸ்டர், அதாவது ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும் கூட்டமைப்பு, ஓடுகிறது. 2022-க்குப் போக வேண்டும். ரோல் (கிளஸ்டரில் ஓடும் சேவை), ஐபி முகவரி எல்லாவற்றையும் திரும்பக் கைப்பட அமைக்க வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்த அமைப்புகளெல்லாம் கிளஸ்டர் டேட்டாபேஸில் இருக்கின்றன. அதன் பிரதி ஒவ்வொரு நோடிலும் உண்டு. அதனால் ஒரு நோடைக் கழற்றினாலும் மற்றது எல்லாவற்றையும் வைத்திருக்கும். ஒரு நோடை டிரெய்ன் செய்து (அதில் ஓடும் ரோல்களை மற்ற நோடுக்கு நகர்த்தி), கிளஸ்டரிலிருந்து நீக்கி, புதிய ஓஎஸ்ஸைச் (இயங்குதளத்தை) சுத்தமாக நிறுவி, திரும்பச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அடுத்தது. சேர்க்கும் வேலையைப் புதிய ஓஎஸ் உள்ள நோடிலிருந்தே செய்யுங்கள்.

ஆனால் இந்த முறையில் 2016-லிருந்து நேராக 2022-க்குத் தாவ முடியாது. முதலில் 2019, பிறகுதான் 2022. இரட்டை வேலைதான்.

எல்லா நோடும் மாறிய பிறகு, கிளஸ்டரையே புதிய பதிப்பின் நிலைக்கு உயர்த்தும் 'அப்டேட்-கிளஸ்டர்ஃபங்ஷனல்லெவல்' (Update-ClusterFunctionalLevel) கட்டளை. 2019-க்கு ஒருமுறை, 2022-க்கு ஒருமுறை. இதைக் கொடுத்துவிட்டால் பின்வாங்க முடியாது. பழைய ஓஎஸ் நோடை மறுபடி சேர்க்கவும் முடியாது. அதுவரை திரும்பிப் போக வழி இருக்கிறது, எனவே அவசரப்படாமல் எல்லா ரோலையும் இரண்டு நோடுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது இரண்டே நோடு என்பதுதான் எனக்குக் கவலை. ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது விழுந்தால் தாங்க ஆளில்லை. முடிந்தால் தற்காலிகமாக மூன்றாவது நோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேக்கப்பை எடுத்ததோடு விடாமல், ரீஸ்டோர் ஆகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.