இந்திப் படங்களின் இரைச்சல் – கடிதம்

வணக்கம்.

உங்கள் சினிமா கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறேன். இந்திப் படங்களை நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடிக்கிறீர்கள் என்பது என் குறை. இருபது வருடமாக நான் பார்ப்பது பெரும்பாலும் ஹாலிவுட் படங்கள்தான். அதில் உள்ள அடக்கம் பாலிவுட்டுக்கு வரவே வராது. ஆள் அழுதால் வயலினும் கூடவே அழ வேண்டும். கதை பாதிக்குப் பாதி வெளியே சுட்டது. நடுவே பாட்டு. கடைசியில் தவறாமல் போலீஸ். நீங்கள் அவ்வளவு சொன்னீர்களே என்று போன வாரம் ‘ஷோலே’ போட்டேன். தர்மேந்திரா குடித்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று உளறுகிற இடத்தில் அணைத்துவிட்டேன். ரசனை கெட்டவன் நானா, இல்லை படமே அப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ரசனையில் கோளாறு ஒன்றுமில்லை, தராசில்தான் இருக்கிறது. ஹாலிவுட் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருபவை ஐம்பது அறுபது வருடமாகக் காலம் சலித்துக் கொடுத்த படங்கள். பாலிவுட் என்றதும் போன வெள்ளிக்கிழமை வந்த படம். அவர்களுக்கும் வெள்ளிக்கிழமை உண்டு. உலகமே அழியப்போகிற நேரத்தில் நாயகன் ஒரு ஜோக் அடித்துவிட்டுப் பறக்கிறானே, அதுவும் இரைச்சல்தான்.

ஒரே வருடத்துப் படங்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். 1975 ஜூன் 20 அன்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜாஸ்’ வெளியானது. ஆகஸ்ட் 15 அன்று ரமேஷ் சிப்பியின் ‘ஷோலே’. இரண்டுமே எடுக்கும்போது தயாரிப்பாளர் வயிற்றில் புளியைக் கரைத்தவை. 55 நாளில் முடிப்பதாகக் கிளம்பிய ‘ஜாஸ்’ படப்பிடிப்பு 159 நாள் இழுத்தது. உப்புத் தண்ணீரில் இயந்திரச் சுறா மக்கர் பண்ணிக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் சுறாவைக் காட்டாமலேயே பயம் காட்டினார்கள். ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரம் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டது. நீங்கள் கொண்டாடும் அடக்கத்தில் ஒரு பங்கு மெஷின் ரிப்பேரால் வந்தது! பயப்பட வேண்டிய இடத்தை அங்கேயும் இசைதான் சொல்லித் தருகிறது, கவனியுங்கள்.

அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடத்தில் சுறாவே கிடையாது. மகனைச் சுறாவுக்குப் பறிகொடுத்த ஒரு தாய், போலீஸ் அதிகாரி பிராடியை எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்துவிட்டாள். வீட்டில் சாப்பாட்டு மேஜையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய சின்னப் பையன். அப்பா டம்ளரை எடுத்தால் அவனும் எடுக்கிறான். அப்பா முகத்தைக் கைகளால் மூடினால் அவனும் மூடுகிறான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் அதைக் கவனிக்கிறார். ஒரு முத்தம் கொடு என்கிறார். எதற்கு என்று கேட்கிறான் பையன். எனக்கு வேண்டியிருக்கிறது என்கிறார். அவ்வளவுதான் காட்சி.

இப்போது ‘ஷோலே’. கப்பர் சிங் என்கிற கொள்ளைக்காரனைப் பிடிக்க, டாக்கூர் என்கிற முன்னாள் போலீஸ் அதிகாரி இரண்டு பேரைக் கூலிக்கு அமர்த்துகிற கதை. அந்த இருவர் அமிதாப்பும் தர்மேந்திராவும். டாக்கூர் வீடு, ராத்திரி. முற்றத்துக்கு அந்தப் பக்கம் அமிதாப் பச்சன் மவுத் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறார். மாடித் தாழ்வாரத்தில் வெள்ளைப் புடவையில் ஜெயா பாதுரி, இந்த வீட்டின் விதவை மருமகள் ராதா, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகிறாள். ஒரு வார்த்தை கிடையாது. கடைசி விளக்கும் அணைந்ததும் அவள் முகம் இருட்டுக்குள் போய்விடுகிறது. இந்தத் துண்டுக் காட்சிக்கு ஒளி சரியாக அமையவில்லை என்று 20 நாள் எடுத்தார்கள். ஒளிப்பதிவு துவாரகா திவேச்சா. நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இந்தி ஒரு அட்சரம் தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. இந்தக் காட்சி எந்த மொழியிலும் இல்லையே.

இதை ‘ஜாஸ்’ காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது ஒரு மாற்றுக் குறைந்ததா?

ஒரு வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. பிராடியின் வீட்டு அமைதி அந்தப் படத்தின் மற்ற பேச்சோடு ஒட்டியே வருகிறது. ராதாவின் மௌனம் அப்படியில்லை. அதே ஊரில் பசந்தி என்கிற குதிரைவண்டிக்காரி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்குத் தலைவலி வந்ததே, அது பெரும்பாலும் அவளால் வந்திருக்கும். ஆனால் அவள் அப்படிப் பேசித் தீர்ப்பதால்தான் இவள் பேசாதது நம் காதில் விழுகிறது. ஊரே வண்ணப்பொடி வீசி ஹோலி பாடும்போது ராதா வெள்ளையில் ஒதுங்கி நிற்பாள். அந்தப் பாட்டை வெட்டினால் அவளையும் வெட்ட வேண்டியதுதான். பாட்டுகளைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. ஆர்.டி. பர்மன் பாடிய அந்தக் கூடாரப் பாட்டு இல்லாவிட்டால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. ரேடியோவில் கேட்டால் எழுந்து சத்தம் கூட்டுவேன், அது வேறு விஷயம்.

சுட்ட கதை என்றால், கூலிக்கு வந்து கிராமத்தைக் காக்கும் வீரர்கள் ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 1954 படமான ‘செவன் சாமுராய்’இலிருந்து கிளம்பியவர்கள். ஹாலிவுட்டும் 1960இல் அவர்களுக்குத் தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்து மறுபடி எடுத்தது. முறைப்படி உரிமை வாங்கினார்கள் என்பது நிஜம்; அதற்கு மேல் பெருமை என்ன?

போலீஸ் விஷயம் நீங்கள் நினைப்பதைவிட சுவாரசியமானது. முதலில் எடுத்த முடிவில், இரண்டு கைகளையும் இழந்த டாக்கூர் ஆணி அடித்த செருப்பால் கப்பர் சிங்கை மிதித்தே கொன்றுவிடுவார். அது அவசரநிலைக் காலம். ஒரு முன்னாள் போலீஸ் அதிகாரி சட்டத்தைக் கையிலெடுப்பதா என்று சென்சார் மறுத்தது. மறுபடி எடுத்தார்கள், போலீஸ் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலும் 1934 முதல் 1968 வரை ஹேய்ஸ் விதிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. குற்றவாளி ஜெயிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. அந்தக் காலத்து எத்தனையோ நல்ல படங்களின் கடைசிப் பத்து நிமிடம் கசங்கியிருப்பது அதனால்தான்.

தொட்டிக் காட்சியில் நிறுத்தியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு வருகிறது இது. கப்பர் தன் கைமேல் ஊரும் ஒரு எறும்பை அடித்துக் கொல்கிறான். அடுத்து ஊருக்குள் ஒரு குதிரை வருகிறது, முதுகில் ஒரு பையனின் உடல். ஊர் கூடி நிற்கிறது, யாருக்கும் வாய் வரவில்லை. அவனுடைய தகப்பனார், கண் தெரியாத இமாம், கோலைத் தட்டியபடி வந்து நின்று, ஏன் இவ்வளவு நிசப்தமாக இருக்கிறது என்று கேட்கிறார்.