குப்பை வண்டியில் பெண்கள் ஏன் குறைவு? கேள்வி பதில்

குப்பை சேகரிப்பு வேலையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். என் துறை எர்கனாமிக்ஸ். வேலையும் கருவியும் அதைச் செய்பவரின் உடலுக்கு ஒத்துப்போகிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. குப்பை லாரி அணிகளோடு பல வருடங்கள் கூடவே நடந்து பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உடல் பலம்தானே காரணம்? அந்தப் பாரத்தைப் பெண்களால் தூக்க முடியாது, அதனால் வருவதில்லை. இதில் ஆராய என்ன இருக்கிறது?

பலம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. தோள், கை வலிமையில் சராசரி ஆணுக்கும் சராசரி பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் அந்தப் பாரம் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம்.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய ஒரு கணக்கு முறை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதன்படி, எல்லா நிலைமைகளும் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கக்கூடிய அளவு 23 கிலோ. சுமை உடலை ஒட்டி இருக்க வேண்டும், பிடி நன்றாக இருக்க வேண்டும், உடலைத் திருப்பக் கூடாது, எப்போதாவது தூக்கினால் போதும் என்கிற நிலைமையில்தான் இந்த 23. பெண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று யோசித்துத்தான் இந்த எண்ணையே வைத்தார்கள். கையை நீட்டினால், இடுப்பைத் திருப்பினால், அடிக்கடி தூக்கினால் இது சரசரவென்று குறையும்.

இப்போது லாரிக்குப் பின்னால் நிற்பவரைப் பாருங்கள். குனிந்து மூட்டையின் கழுத்தைப் பிடிக்கிறார். மூட்டை காலில் உரசினால் உடைந்த கண்ணாடி கிழித்துவிடும் என்று உடம்பை விட்டுத் தள்ளியே தூக்குகிறார். அப்படியே இடுப்பைத் திருப்பி லாரியின் பின்வாய்க்குள் வீசுகிறார். ஒரு ஷிஃப்ட் முழுக்க இதே அசைவு. 23 கிலோ கணக்குக்கு வைத்த எல்லா நிபந்தனைகளும் இங்கே ஒரே வீச்சில் உடைந்துவிடுகின்றன. "ஆண்களால் முடிகிறது" என்று நாம் சொல்வதன் உண்மை நிலவரம், முதுகும் தோளும் போகும்வரை அவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதுதான்.

சரி, பல நகரங்கள் மூட்டையை விட்டு 120, 240 லிட்டர் சக்கரத் தொட்டிகளுக்கு மாறிப் பல காலமாகிறது. தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து மாட்டினால் லாரியே தூக்கிக் கவிழ்த்துக்கொள்ளும். அதற்கும் அடுத்து, பக்கவாட்டில் இயந்திரக் கை உள்ள லாரிகளும் வந்துவிட்டன. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தபடி ஜாய்ஸ்டிக்கால் எல்லாவற்றையும் செய்கிறார். பலம்தான் தடை என்றால், இயந்திரம் வந்த இடங்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சம அளவில் இருந்திருக்க வேண்டும். இல்லையே.

கேள்வி: அப்படியானால் இயந்திரம் வந்த இடத்திலும் பெண்கள் ஏன் இல்லை?

அந்த ஓட்டுநர் சீட்டுக்குப் போகும் வழி லாரியின் பின்படியில்தான் தொடங்குகிறது. பல இடங்களில் முதலில் லோடராக, அதாவது குப்பையை லாரியில் ஏற்றுபவராகச் சேர வேண்டும். சில வருடம் தூக்கிய பிறகு கனரக வாகன உரிமம் எடுக்க உதவி கிடைக்கும், அப்புறம்தான் ஸ்டியரிங். முதல் படியிலேயே பெண்களைச் சேர்க்காவிட்டால் ஓட்டுநராகும் வரிசையிலும் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

ஆள் எடுக்கும் விதம் இன்னொன்று. காலி இடம் இருப்பது அணியில் இருப்பவரின் தம்பிக்கும் மச்சானுக்கும் முதலில் தெரியும்.

வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம் என்கிற முறையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மூன்று பேர் அணியில் ஒருவர் நிதானமாகச் செய்தால் மூவரும் தாமதமாகத்தான் வீட்டுக்குப் போவார்கள். அதனால் புதிதாக வருபவரை அணியே சந்தேகத்தோடு பார்க்கும். வருபவர் பெண் என்றால் வேலையைத் தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

சட்டமும் சேர்ந்துகொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1948ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொழிற்சாலை போன்ற இடங்களில் பெண்களின் இரவு வேலையைத் தடுத்தது. 1967இல் வந்த இன்னொரு உடன்படிக்கை, லேசானவை தவிர்த்த சுமைகளைப் பெண்களிடம் கொடுப்பதைக் கட்டுப்படுத்தச் சொன்னது. ரஷ்யாவில் பெரிய லாரி ஓட்டுவது பெண்களுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் 2020 முடியும்வரை இருந்தது. பாதுகாப்பு என்ற பெயரில் எழுதியவைதான் எல்லாம். ஆனால் வேலையை எல்லாருக்கும் பாதுகாப்பாக மாற்றாமல், பெண்ணை மட்டும் வெளியே நிறுத்தின.

கேள்வி: தெருப் பெருக்குபவர்கள், குப்பை பிரிப்பவர்களில் நிறையப் பேர் பெண்கள்தானே? பிறகு "குறைவு" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வந்ததிலேயே முக்கியமான கேள்வி இது. குப்பையைத் தொடுவதிலிருந்து பெண்களை யாரும் தள்ளி வைக்கவில்லை. வண்டி, உரிமம், நிரந்தரச் சம்பளம் சேர்ந்து வரும் இடத்தில்தான் அவர்கள் குறைந்துவிடுகிறார்கள்.

19ஆம் நூற்றாண்டு லண்டனில் வீட்டு அடுப்புச் சாம்பலையும் குப்பையையும் வண்டியில் ஏற்றி வந்தவர்கள் ஆண்கள். கிடங்கில் முழங்கால் வரை சாம்பலில் நின்று சல்லடையால் சலித்து, எலும்பு, கந்தல், உலோகம் என்று பிரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதிக நேரம், அதிகத் தூசு, குறைந்த கூலி. இன்றைய பிரிப்புக் கூடங்கள் பலவற்றிலும் ஏறக்குறைய இதே பிரிவினைதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஆண்கள் படைக்குப் போனதும் பெண்கள் குப்பை வண்டிகளில் ஏறினார்கள். போர் முடிந்ததும் அந்த வேலை மறுபடி ஆண்களிடமே போயிற்று. ஆக, செய்ய முடியும் என்பது எப்போதோ தெரிந்துவிட்டது.

பணத்தைத் தொடர்ந்து போனால் இன்னும் தெளிவாகும். பிரிட்டனின் பர்மிங்ஹாம் நகரசபையில் சமையல், துப்புரவு, முதியோர் பராமரிப்பு வேலை பார்த்த பெண்கள் வழக்குப் போட்டார்கள். தங்களுக்கு இணையான தரத்தில் வைக்கப்பட்டிருந்த குப்பை சேகரிப்பு போன்ற, ஆண்கள் நிறைந்த வேலைகளுக்கு மட்டும் போனஸ் போகிறது என்பது புகார். வேலையை விட்டுப் போனவர்களும் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என்று 2012 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 செப்டம்பரில் அந்த நகரசபை தன் வரவுசெலவைச் சமாளிக்க முடியாது என்று முறைப்படி அறிவித்தபோது, சம ஊதிய நிலுவைதான் அதற்கான பெரிய காரணங்களில் ஒன்று. எது ஆண் வேலை, எது பெண் வேலை என்ற பிரிவினைக்கு இவ்வளவு பெரிய விலை இருக்கிறது.

மாற்றிக் காட்டிய இடமும் உண்டு. புனேயில் குப்பை பொறுக்குபவர்கள் 1993இல் சங்கம் அமைத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். அதிலிருந்து உருவான கூட்டுறவு, மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாகக் குப்பை வாங்கும் வேலையை எடுத்தது. அடையாள அட்டை, மாதக் கட்டணம், பிரித்தெடுத்த பொருளை விற்கும் உரிமை. அதே பெண்கள், அதே குப்பை. ஆனால் அதுவரை திருடர்களைப் போல விரட்டப்பட்டவர்கள் இப்போது கதவைத் தட்டிப் பணம் கேட்டு வாங்க முடிந்தது.

கேள்வி: எந்த ஆணும் பேசாத விஷயம். கழிப்பறை?

ஆமாம், யாரும் பேசுவதில்லை. விடிவதற்கு முன் டிப்போவை விட்டால் பல மணி நேரம் தெருவில்தான். ஆண்கள் எங்காவது ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். வெயிலில் கடும் உழைப்பு, உள்ளே தண்ணீர் இல்லை, அடக்கி வைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் நீரிழப்பும் வராமல் என்ன செய்யும்? மாதவிடாய் நாட்களில் மாற்றிக்கொள்ளவும், அதற்கு முன் கையைக் கழுவவும் இடம் வேண்டும்.

இதற்குப் பெரிய செலவெல்லாம் இல்லை. ரூட் போடும்போதே வழியில் எந்த அலுவலகம், எந்தப் பொதுக் கட்டடத்தில் கழிப்பறை பயன்படுத்தலாம் என்று பேசி, வரைபடத்தில் குறித்து, நிறுத்த நேரமும் ஒதுக்கினால் போதும். வண்டியில் ஒரு தண்ணீர்க் கேன், சோப்பு. இதைக்கூடச் செய்யாமல் "விளம்பரம் கொடுத்தோம், பெண்கள் விண்ணப்பிக்கவில்லை" என்று சொல்லும் மேலாளர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: இது உயிருக்கே ஆபத்தான வேலை. பெண்களை ஏன் அதில் தள்ள வேண்டும்?

ஆபத்து என்பது உண்மை. அமெரிக்கப் புள்ளிவிவரங்களில், பணியில் இறப்பவர் விகிதம் அதிகமுள்ள வேலைகளில் குப்பை சேகரிப்பு ஆண்டுதோறும் முதல் பத்து இடங்களுக்குள் வருகிறது. வேறு வாகனம் மோதுவதும், தன் லாரியே ரிவர்ஸ் எடுக்கும்போது இடிப்பதும் முக்கியக் காரணங்கள். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1968 பிப்ரவரி 1 அன்று, மழைக்காக லாரியின் பின்பகுதியில் ஒதுங்கிய இரண்டு தொழிலாளர்கள் குப்பையை நசுக்கும் காம்பாக்டர் இயந்திரம் தானாக இயங்கி நசுங்கி இறந்தார்கள். அதன் பிறகுதான் சுமார் 1,300 கறுப்பினத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

இறந்த இருவரும் ஆண்கள். ஆண் என்பதற்காக அந்த இரும்பு அவர்களை விட்டுவைக்கவில்லை. ஆபத்தைக் குறைக்க வேண்டும் என்றால் இருபக்கத் தெருவைக் குறுக்கே கடக்காத ரூட், பின்படியில் தொங்கிப் போகாத பழக்கம், ரிவர்ஸ் எடுக்கும்போது வழிகாட்டும் ஆள், கை எட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தான், இவற்றைக் கேளுங்கள். பெண்களை வீட்டில் இருக்கச் சொல்வதால் ஒரு லாரிகூடப் பாதுகாப்பாகிவிடாது.

கேள்வி: கர்ப்பமாக இருக்கும்போது?

அப்போது மாற்று வேலை வேண்டும், இதில் இரண்டு கருத்து இல்லை. தூக்குவது, அதிர்வு, டீசல் புகை (2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது), அழுகும் குப்பையிலிருந்து வரும் பூஞ்சைத் தூசு எல்லாம் உண்டு. பூனைக் கழிவிலிருந்து வரக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992ஆம் ஆண்டு உத்தரவு சொல்லும் வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. முதலில் வேலையை மாற்றி அமை, முடியாவிட்டால் வேறு வேலை கொடு, அதுவும் முடியாவிட்டால் விடுப்பு கொடு. சில மாதங்களுக்கான இந்த ஏற்பாட்டைக் காரணம் காட்டி முப்பது வருட வேலையை மறுப்பதுதான் தவறு.

கேள்வி: உடல் தகுதித் தேர்வை எளிதாக்கினால் தரம் குறையாதா?

தேர்வு எதை அளக்கிறது என்பதுதான் விஷயம். கனடாவில் காட்டுத்தீ அணைக்கும் பெண் ஒருவர் வேலையைத் திருப்திகரமாகச் செய்துகொண்டிருந்தார். நடுவில் புதுத் தேர்வு கொண்டு வந்தார்கள். அதில் ஒரு பகுதி, 2.5 கிலோமீட்டரை 11 நிமிடத்துக்குள் ஓடுவது. அதில் தேறாததால் வேலை போயிற்று. முதல் முயற்சியில் ஆண்களில் 65 முதல் 70 சதவீதம் பேர் தேறினார்கள், பெண்களில் 35 சதவீதம். அந்த அளவு இல்லாவிட்டால் வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது என்று அரசால் நிரூபிக்க முடியவில்லை. 1999இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது.

குப்பை வேலைக்கும் அதே அளவுகோல்தான். நிரம்பிய தொட்டியை நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள், படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அதில் தேறாதவரை, ஆணோ பெண்ணோ, எடுக்க வேண்டாம். நியூயார்க்கில் தெருத் துப்புரவுக்கென்று தனித் துறை 1881இல் வந்தது. லாரி வேலைக்கு முதல் பெண்கள் சேர்ந்தது 1986இல். தேர்வில் தேறியேதான் சேர்ந்தார்கள்.

கேள்வி: பெண்களுக்கே விருப்பம் இல்லை என்றால்?

சிலருக்கு இருக்காது, அது அவரவர் முடிவு. பல சமூகங்களில் இந்த வேலையைப் பிறப்பைக் காட்டிச் சிலர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து வெளியேற விரும்புபவரிடம் "இதிலேயே இரு" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஏற்கெனவே கூலியும் கையுறையும் இல்லாமல் குப்பை பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம், ஓய்வூதியத்தோடு கூடிய லாரி வேலை வேண்டுமா என்று யாராவது கேட்டார்களா? கேட்ட பிறகு விருப்பத்தைப் பற்றிப் பேசுவோம்.

கேள்வி: மேடம், லோடர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அணியில் நான் ஒருத்திதான் பெண். சேரும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில் வாழ்த்துகள்மா.

கையுறையைப் போட்டுப் பாருங்கள். விரல் நுனியில் துணி மிஞ்சினால் வாங்காதீர்கள். அந்த மிஞ்சிய துண்டுதான் தொட்டியின் கைப்பிடியிலும் லாரியின் தூக்கும் கருவியில் உள்ள கொக்கியிலும் மாட்டும். பெரிய கையுறையைப் பிடித்து நிறுத்தவே முன்கை இறுகி, மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும். பூட்ஸும் அப்படியே. ஆண்கள் அளவில் சின்னதைக் கொடுத்தால் நீளம் சரியாக இருக்கும், குதிகால் ஆடும். படியில் வழுக்குவது அதனால்தான். உங்கள் அளவில் வரவழைக்கச் சொல்லுங்கள், வந்த பிறகு வண்டியில் ஏறுங்கள்.

ரூட்டில் கழிப்பறை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஓட்டுநர் பயிற்சிக்கு எத்தனை மாதத்தில் பெயர் கொடுக்கலாம் என்பதையும் முதல் நாளே கேட்டு வையுங்கள். யாராவது தகாத முறையில் நடந்தால் அந்த அணித் தலைவரைத் தாண்டி யாரிடம் போக வேண்டும், பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டியைத் தள்ளும்போது கையால் தள்ளாமல் உடல் எடையைச் சாய்த்துத் தள்ளுங்கள். முடிந்தவரை இழுக்காதீர்கள். மூட்டை வந்தால் இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். முதல் சில வாரம் உடம்பு வலிக்கும், அது எல்லாருக்கும் உண்டு. ஆனால் கீழ் முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ, இரவில் விரல் மரத்துப்போவதோ வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே சொல்லிப் பதிவேட்டில் எழுத வையுங்கள். பின்னால் இழப்பீடு கேட்க நேர்ந்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி.