உங்கள் தம்பியைப் பற்றி மகனிடம் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, கோவையில் பொறியியல் படிக்கிறான். ஓராண்டாகத் தினமும் கஞ்சா புகைத்திருக்கிறான் என்பது விடுதியிலிருந்து அழைத்துச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்து ஆறு நாட்களாகின்றன. தூக்கமில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். ‘நடிக்கிறான்’ என்கிறார் அவன் அப்பா. ‘அது வெறும் மூலிகை’ என்கிறான் அவன். மூளை கெட்டுப்போயிருக்குமா? என் தம்பிக்கும் இதே வயதில்தான் புத்தி பேதலித்தது. வானொலியில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொள்வான். மகளுக்கு வரன் பார்ப்பதால் அதையெல்லாம் வீட்டில் பேசுவதில்லை.
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: சகோதரி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கித்தான் மேலே தந்திருக்கிறேன். விடுதி நண்பர்களைத் திட்டுவதற்கு மூன்று பக்கம் செலவழித்த நீங்கள், உங்கள் தம்பிக்கு ஒதுக்கியது இரண்டே வரி. எனக்கு அந்த இரண்டு வரிதான் கடிதம்.

முதலில், கேட்டதற்குப் பதில். கஞ்சாவின் வேதிப்பொருளைப் போலவே வேலை செய்யும் சில பொருள்களை நம் மூளை தானாகவே உருவாக்குகிறது. ஒரு நரம்பணுவுக்கு வரும் சமிக்ஞை மிகும்போது, ஓயாமல் பேசுகிறவரிடம் ‘போதும்’ என்று கை காட்டுவதைப் போல, அது இவற்றை எதிர்த்திசையில் அனுப்பிச் சமிக்ஞையைத் தணிக்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளுக்கு சிபி1 என்று பெயர். 1988-இல் கண்டறியப்பட்ட இவை, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸிலும் மூளையின் புறணியிலும் செறிந்திருக்கின்றன. கஞ்சாவிலுள்ள டி.எச்.சி., இடமும் நேரமும் பாராமல் இந்த ஏற்பிகள் எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. டோபமைன் என்பது நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு மூளை வேதிப்பொருள்; அதைச் சுரக்கும் நரம்பணுக்களின் மீதிருக்கும் கட்டுப்பாடும் அதனால் தளர்ந்து, டோபமைன் கூடுகிறது. தினமும் இது நடந்தால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. இப்போது டி.எச்.சி. நின்றுவிட்டது, ஏற்பிகளோ இன்னும் மீளவில்லை. தூக்கமின்மையும் பசியின்மையும் எரிச்சலும் அதன் விளைவுகளே தவிர நடிப்பு அல்ல என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். அறவே நிறுத்தியவர்களுக்கு ஏறக்குறைய நான்கு வாரங்களில் ஏற்பிகள் பழைய அளவை நெருங்குவதை மூளைப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். மூலிகை என்ற வாதத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம், ஊமத்தையும் மூலிகைதான்.

இந்தக் கணக்கெல்லாம் குடும்பத்தில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்னும் மனநோய் இல்லாத பிள்ளைக்கு. வானொலி தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றுவது அந்நோயின் அறிகுறிகளில் ஒன்று; உங்கள் தம்பிக்கு இருந்தது அதுதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்நோயாளிகள் பலரின் மூளையில் டோபமைன் உற்பத்தி மிகுதியாக இருக்கிறது. அதற்குத் தரும் மருந்துகள் பெரும்பாலும் டோபமைன் ஏற்பிகளை அடைப்பவை. சுவீடனில் ராணுவத்துக்குத் தேர்வான 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியான ஆய்வில், இளம் வயதிலேயே 50 முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு வந்த விகிதம் 6 மடங்காக இருந்தது. பிற காரணங்களைக் கழித்தபோது அந்த மடங்கு குறைந்தது, ஆனால் மறையவில்லை. நெருங்கிய இரத்த உறவில் அந்நோய் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இதை அறியும் உரிமை உலகத்தில் வேறு யாரையும்விட உங்கள் மகனுக்குத்தான் இருந்தது. நீங்கள் மறைத்ததும் அவனிடம்தான்.

அவனுக்குக் காது குத்தியது தாய்மாமன் மடியில் வைத்துத்தானா, அல்லது அன்றைக்கும் வேறு மடி தேடினீர்களா? சம்பந்தி வீட்டாரிடம் எதை எப்போது சொல்வது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம் (எனக்கு ஒளிவுமறைவு பிடிக்காது). ஆனால் வரன் தட்டிப்போகும் என்பதற்காகப் பெற்ற பிள்ளையை இருட்டில் வைத்திருப்பதற்குக் குடும்ப மானம் என்று பெயர் சூட்டாதீர்கள். தம்பியின் நோயில் அவமானம் எதுவும் இல்லை. அவனை ஒருவரும் பெயர் சொல்லிப் பேசாத வீடாக உங்கள் வீட்டை மாற்றியதில்தான் இருக்கிறது.

இன்றே மகனை உட்காரவைத்து, மாமாவுக்கு என்ன நேர்ந்தது, எந்த வயதில் தொடங்கியது, என்னென்ன பேசினார் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். கணவரும் உடன் இருக்கட்டும். மிரட்டலாக அல்ல, தகவலாகச் சொல்லுங்கள். இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். இல்லாத குரல் கேட்பதாகவோ, யாரோ தன்னைக் கவனிப்பதாகவோ அவன் சொன்னால் வாரக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. தம்பியின் பழைய மருந்துச் சீட்டுகளை வைத்திருந்தால், அவற்றையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.