பாராஃப்ரேஸ் பண்ணிட்டா, அதாவது இன்னொருத்தர் கருத்த நம்ம வார்த்தையில எழுதிட்டா, சைட்டேஷன் (எங்கிருந்து எடுத்தோம்ங்கற குறிப்பு) வேணாமா? தீசிஸ்ல மத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது 10% கீழ இருந்தா போதும்னு சொல்றாங்களே?

வேணும், கண்டிப்பா வேணும். வார்த்தை உங்களோடதா இருந்தாலும் கருத்து மூலத்த எழுதினவரோடது, அதனால அவர் பேரும் வருஷமும் போட்டே ஆகணும்.

நிறைய பேர் பண்றது என்னன்னா மூல வரிய பக்கத்துல வச்சுக்கிட்டு ஒவ்வொரு சொல்லா மாத்துறது. "கிணறுகளின் ஆழம் கூடியதால் சிறு விவசாயிகள் கடனாளி ஆயினர்"னு இருக்கறத "கேணிகளின் ஆழம் அதிகரித்ததால் குறு விவசாயிகள் கடனில் விழுந்தனர்"னு எழுதினா அது பாராஃப்ரேஸே இல்ல, வாக்கிய அமைப்பு அப்படியே தான இருக்கு. படிச்சு முடிச்சு புத்தகத்த மூடி வச்சுட்டு, அவர் என்ன சொல்றார்னு உங்க கைடுக்கு வாயால சொல்ற மாதிரி யோசிச்சு எழுதுங்க, அப்புறம் திறந்து அர்த்தம் மாறலயான்னு பாருங்க. இது மெதுவான வேலைதான், ஆனா இப்படி எழுதினாதான் விஷயம் நமக்கே புரியுது.

அந்த சொற்களே முக்கியம்னா மட்டும் மேற்கோள் குறி போட்டு பக்க எண்ணோட எடுங்க. ஏபிஏ ஸ்டைல்ல (மூலக் குறிப்பு போடற முறைகள்ல ஒண்ணு) 40 வார்த்தையோ அதுக்கு மேலயோ போனா குறி இல்லாம தனி பத்தியா உள்ள தள்ளி போடணும்.

அந்த 10% கணக்கு யூஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறையில இருக்கு. அதுக்கு மேல 40 வரைக்கும்னா 6 மாசத்துக்குள்ள திருத்திக் கொடுக்கணும், 60 தாண்டினா ரெஜிஸ்ட்ரேஷனே ரத்து. ஆனா இத சரிபார்க்கற சாஃப்ட்வேர் ஒத்துப்போற வரிய மட்டும்தான் எண்ணும், வார்த்தைய மாத்திட்டு பேர் போடாம விட்டத அது பெரும்பாலும் கண்டுபிடிக்காது, துறை தெரிஞ்ச எக்ஸாமினர் கண்டுபிடிச்சிடுவார்.